டெட்லிஃப்டில் முதுகு வளைகிறதா? காலிலிருந்து சரிசெய்யுங்கள்

தரையில் இருக்கும், எடை மாட்டிய நீளக் கம்பியை (பார்) பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். அதில் 90 கிலோவை மூன்றாவது முறை தூக்கும்போது இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கம், முதுகு பிடித்துக்கொண்டது. பாரைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் நிமிர முடியவில்லை. அடுத்த பத்து நாள் சாக்ஸ் மாட்டுவதற்குக்கூடச் சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய எட்டு மாதமும் ஜிம்மில் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "முதுகை நேராக வை." நானும் நேராக வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகு நம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. அது நேராக இருக்கிறதா, கூன் போட்டிருக்கிறதா என்று உள்ளிருந்து சொல்வது ரொம்பக் கஷ்டம். யாராவது அதட்டினால் நெஞ்சை வேகமாக நிமிர்த்துவேன், கீழ்முதுகு உள்ளே குழிந்துவிடும். அதிலும் வலி வந்தது, வேறு இடத்தில்.

பிறகுதான் புரிந்தது. முதுகு வளைவது பெரும்பாலும் முதுகின் குற்றம் இல்லை. பார் காலை விட்டுத் தள்ளி இருக்கும், அல்லது இடுப்பு மடங்காமல் இருக்கும், அல்லது வயிற்றில் தம் இருக்காது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தவறினால், அந்தக் கடனை முதுகு அடைக்கிறது. நான் திருத்திக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் போனால் நான் வீணாக்கிய மாதங்கள் உங்களுக்கு மிச்சம்.

1. பாரைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களுக்கு முதுகில் ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினையோ அறுவை சிகிச்சையோ எலும்புத் தேய்மானமோ இருந்தால், பழைய ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். "எடை தூக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். "தரையிலிருந்து 20 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றப் போகிறேன், இதில் எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் உருப்படியாக இருக்கும். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

அடுத்தது ஒரு நோட்டு. தேதி, எடை, எத்தனை செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று), ஒரு செட்டில் எத்தனை முறை, மறுநாள் காலை முதுகு எப்படி இருந்தது. இந்தக் கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். வலி வருவதற்கு முந்தைய மூன்று வாரமும் காலையில் இடுப்பு கெட்டியாக இருந்தது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எழுதி வைத்திருந்தால் முன்னாடியே கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, வீடியோ எடுக்கும் ஒரு போன்.

2. எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்

ஷூவுக்குச் செலவே வேண்டாம். ஓடுவதற்கான மெத்தென்ற ஷூ டெட்லிஃப்டுக்கு ஆகாது. குதிகால் உயர்ந்து நிற்கும், எடை ஏறும்போது அடிப்பாகம் அமுங்கி ஆடும். தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ள பழைய கேன்வாஸ் ஷூ போதும். ஜிம் அனுமதித்தால் வெறும் சாக்ஸோடு நிற்கலாம்.

பெல்ட்டை ஆரம்பத்தில் வாங்காதீர்கள். பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்வது வேறு. வயிறு தள்ளுவதற்கு வெளியிலிருந்து ஒரு சுவர் கொடுக்கிறது, அதனால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. தம் பிடிக்கவே தெரியாதவருக்கு அந்தச் சுவரால் பயன் இல்லை. கை வழுக்கினால் சாக் பொடி ஒரு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் வரும்.

கையில் இருக்கும் காசை ஒரே ஒரு விஷயத்துக்குச் செலவழிக்கலாம் என்றால், எடை தூக்கும் பயிற்சியில் அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டு மூன்று தனி வகுப்பு. மாதக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் அவர் சொல்லிக்கொடுத்த ஒருவர் தூக்குவதைப் பாருங்கள். பயிற்சியாளர் தானே தூக்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

3. துடைப்பக் கட்டையோடு இரண்டு வாரம்

இது சலிப்பான கட்டம். ஆனால் எனக்கு எல்லாம் மாறியது இங்கேதான்.

குனிவதற்கு உடம்பில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முதுகெலும்பை வளைப்பது. கீழே விழுந்த பேனாவை எடுக்க நாம் அப்படித்தான் குனிகிறோம். இன்னொன்று, முதுகை அப்படியே வைத்துக்கொண்டு தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டில் மடங்குவது. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்னால் இருக்கும் கதவைப் பின்பக்கத்தால் இடித்துச் சாத்துவோமே, அந்த அசைவு. டெட்லிஃப்டுக்கு வேண்டியது இரண்டாவது.

நேரான ஒரு கட்டையை எடுத்து முதுகில் செங்குத்தாக வையுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால் பிடித்திருக்கட்டும். கட்டை மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்குச் சற்று மேலே. கீழ்முதுகுக்கும் கட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும், இருக்கவும் வேண்டும். முதுகுத்தண்டுக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. "நேரான முதுகு" என்றால் அந்த வளைவைக் காப்பாற்றுவது, ஸ்கேல் மாதிரி ஆக்குவது இல்லை.

இப்போது முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். மூன்று புள்ளியும் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பின்மண்டை விட்டுப்போனால் தலையைத் தொங்கப்போடுகிறீர்கள். கீழ்ப் புள்ளி விட்டுப்போனால் இடுப்பு மடங்குவது தீர்ந்துவிட்டது, அதற்கு மேல் முதுகுதான் வளைகிறது. அந்த இடத்தில் நின்று, நிமிருங்கள். தொடையின் பின்பக்கம் கயிறு இழுப்பதுபோல் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

முதல் நாள் என் கட்டை பாதி தூரத்திலேயே கீழ்ப் புள்ளியை விட்டு எழுந்துவிட்டது. எட்டு மாதமாக இதே உடம்பை வைத்துக்கொண்டுதான் தரையிலிருந்து 90 கிலோ இழுத்தேன் என்று நினைத்தபோது, பத்து நாள் வலியோடு தப்பித்ததே பெரிசு என்று தோன்றியது.

பின்னால் தள்ளுவது பிடிபடவில்லை என்றால் சுவருக்கு முதுகு காட்டி, ஓர் அடி தள்ளி நின்று, பின்பக்கத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட முடிந்ததும் இரண்டு அங்குலம் முன்னே நகருங்கள். மறுபடி தொடுங்கள். தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம். ஜிம்முக்குப் போகவே தேவையில்லை.

4. பார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

பல புதியவர்கள் விழும் குழி இது, யாரும் சொல்வதும் இல்லை. பாரின் இரண்டு முனையிலும் மாட்டும் வட்டமான எடைதான் பிளேட். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் பாரின் நடுப்பகுதி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர் எடை குறைவாக இருக்கட்டும் என்று சின்ன இரும்பு பிளேட்டை மாட்டுகிறார். பிளேட் சின்னதானால் பாரும் கீழே இறங்கும். ஆக, உடம்பு இன்னும் இளகாத ஆள், அனுபவசாலியைவிட ஆழமாகக் குனிய வேண்டியிருக்கிறது. அப்புறம் முதுகு வளையாமல் என்ன செய்யும்?

இரண்டு பக்கமும் தரையில் பிளேட்டுகளையோ கெட்டியான மரக்கட்டைகளையோ அடுக்கி, அதன்மேல் பாரை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எடை குறைவான, ஆனால் விட்டம் பெரிய ரப்பர் பிளேட் இருந்தால் இன்னும் நல்லது. கட்டைச் சோதனையில் உங்கள் இடுப்பு எவ்வளவு தூரம் மடங்கியதோ, அந்த உயரத்திலிருந்து தொடங்குங்கள். அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடியில் அடுக்கியதிலிருந்து ஒரு பிளேட்டை உருவினால் போதும், தானாகத் தரைக்கு வந்துவிடுவீர்கள்.

பாரின் எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. ஜிம்மில் கிடக்கும் எல்லா பாரும் இந்தக் கணக்கில் வராது. நோட்டில் தப்பான எடையை எழுதிக்கொண்டே போனால் ஜிம் மாறும் நாளில்தான் தெரியும்.

5. நிற்பதும் தூக்குவதும்

இதை வரிசையாகச் செய்யுங்கள், ஒன்றை முடித்துத்தான் அடுத்தது.

முதலில் கால். பாதங்கள் இடுப்பு அகலத்தில், விரல் நுனி லேசாக வெளியே பார்க்கட்டும். மேலிருந்து பார்த்தால் பார் உங்கள் பாதத்தின் நட்ட நடுவே ஓட வேண்டும். குதிகாலையும் சேர்த்துத்தான் நடு. நாம் குனிந்து பார்க்கும்போது கணுக்காலுக்கு முன்னால் இருப்பது மட்டுமே பாதம் என்று தோன்றும், அதனால் பாரை முன்னே தள்ளி வைத்துவிடுவோம். சரியான இடத்தில் நின்றால் பாருக்கும் கால் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலம்தான் இருக்கும். நான் ஒரு சாண் விட்டிருந்தேன். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பிறகு கையை முன்னே நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை அதேதான், ஆனால் முதுகு படும் பாடு வேறு.

அடுத்து கை. இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, கால்களுக்கு வெளியே பாரைப் பிடியுங்கள். உள்ளங்கை இரண்டும் உங்களைப் பார்க்கட்டும். பாரை உருட்டாதீர்கள். சரியான இடத்தில் நின்றதெல்லாம் அந்த ஓர் உருட்டலில் போய்விடும்.

இப்போது முழங்காலை மடக்குங்கள், கால் எலும்பு பாரைத் தொடும் வரை மட்டும். அதோடு இடுப்பை இறக்குவதை நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்து எழுவதுபோல் இன்னும் கீழே போனால் முழங்கால் பாரை முன்னே தள்ளும். தூக்கத் தொடங்கியதும் இடுப்பு மட்டும் குபீரென்று மேலே போகும், எடை மொத்தமும் முதுகில் தொங்கும். இடுப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. தொடை நீளமானவருக்கு இடுப்பு உயரமாகவும் முதுகு கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். பக்கத்தில் தூக்குகிறவரைப் பார்த்து உங்கள் இடுப்பை வைக்காதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் தோள் பாருக்கு நேர் மேலே, அல்லது ஒரு துளி முன்னே இருக்கும். அவ்வளவு போதும்.

பிறகு அக்குள். காய்ச்சலுக்கு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து அது விழாமல் இறுக்குவோம் இல்லையா, இரண்டு பக்கமும் அப்படி இறுக்குங்கள். முதுகின் பக்கவாட்டுத் தசை விறைக்கும். பாரை உடம்போடு ஒட்ட வைப்பது இந்த இறுக்கம்தான். இத்தனை மாதம் "முதுகை நேராக வை" என்று சொன்னவர்கள் சொல்ல நினைத்தது இதைத்தானோ என்னவோ.

தூக்கும் முன் இன்னொன்று. பாருக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவே துளி இடைவெளி உண்டு. மெதுவாக மேலே இழுத்தால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், பிளேட் இன்னும் தரையை விட்டிருக்காது. அந்தச் சத்தம் கேட்கும் வரை இறுக்கிவிட்டு, அப்புறம் தூக்குங்கள். சத்தம் கேட்பதற்கு முன்பே வெடுக்கென்று இழுப்பவருக்குத்தான் முதல் நொடியில் முதுகு வளைகிறது.

தூக்கும்போது கையால் இழுப்பதாக நினைக்காமல், பாதத்தால் தரையைக் கீழே தள்ளுவதாக நினையுங்கள். கை வெறும் கயிறு, முழங்கை மடங்கக் கூடாது. பார் காலை உரசிக்கொண்டே மேலே வரும், எனவே நீளமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் பிட்டத்தை இறுக்கி நேராக நின்றால் முடிந்தது. கண்ணாடிக்கு முன்னால் பின்பக்கம் சாய்ந்து நெஞ்சைக் காட்டுகிறவர்கள் உண்டு. எடையோடு கீழ்முதுகைப் பின்னால் வளைப்பதும் வளைப்பதுதான்.

6. தம்

டிக் சத்தத்துக்கு முன்னால், வாய் வழியாக ஆழமாக மூச்சை உள்ளே இழுங்கள். மார்பு உயரக் கூடாது, வயிறும் விலாவும் இடுப்புப் பக்கமும் சுற்றி விரிய வேண்டும். இருமும்போது வயிறு கல்லாக இறுகுமே, அந்த இறுக்கத்தோடு மூச்சைப் பூட்டிக்கொண்டு தூக்குங்கள். பாரைத் தரையில் வைத்தபின் விடுங்கள். அடுத்த முறைக்குப் புதுத் தம்.

வயிற்றுக்குள் எழும் அழுத்தம் முதுகுத்தண்டை முன்பக்கமிருந்து தாங்குகிறது. அதே நேரம் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். முதல் படியில் மருத்துவரைப் பார்க்கச் சொன்னது இதனால்தான். தலை சுற்றினால் பாரை வைத்துவிட்டு உட்காருங்கள். தம்மை நீட்டிக்கொண்டே போவது வீரம் இல்லை.

7. இறக்குவது

முதலில் இடுப்பு பின்னே போகட்டும், பார் முழங்காலைத் தாண்டிய பிறகு முழங்கால் மடங்கட்டும். வரிசை மாறினால் பார் முழங்காலில் இடிக்கும். தரையில் வைத்ததும் துள்ள விட்டு அடுத்ததைத் தூக்காதீர்கள். வைத்து, நின்று, தம் பிடித்து மறுபடி.

8. வீடியோவை எப்படிப் பார்ப்பது

போனை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வையுங்கள். மூலையிலிருந்து எடுத்தால் நல்ல முதுகும் கூனாகத் தெரியும், கூன் முதுகும் நேராகத் தெரியும். சட்டையை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். தொளதொள டீஷர்ட் முதுகில் உப்பி நின்றதைப் பார்த்து, வளைந்துவிட்டேன் என்று நான் ஒரு வாரம் எடையைக் குறைத்தேன்.

வார்ம்-அப் செட்டை எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கடைசி செட்டின் கடைசி இரண்டு முறையைப் பாருங்கள், மெதுவாக ஓட்டி. பார்க்க வேண்டியது மூன்று. பிளேட் தரையை விடும் நொடியில் இடுப்பும் தோளும் சேர்ந்து எழுகின்றனவா? பார் நேர்கோட்டில் ஏறுகிறதா, முன்னே போய் வளைந்து வருகிறதா? தூக்கும் முன் இருந்த கீழ்முதுகின் வளைவு தூக்கும்போது மாறுகிறதா?

மூன்றாவது கேள்வியை அப்படித்தான் கேட்க வேண்டும். பார்வைக்கு நேராகத் தெரியும் முதுகும் எடைக்குக் கீழே கொஞ்சம் அசையத்தான் செய்யும். மேல்முதுகு லேசாக வளைந்து, அப்படியே அசையாமல் நிற்பது பெரிய குற்றம் இல்லை. கீழ்முதுகு கண்ணுக்குத் தெரியும்படி பாதி வழியில் மடங்குவதுதான் எடையைக் குறைக்கச் சொல்லும் அடையாளம்.

9. எடையும் காலமும்

முதல் இரண்டு வாரம் கட்டை. அடுத்த இரண்டு வாரம் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) அல்லது டம்பெல், உயரத்தில் வைத்து. ஐந்தாம் வாரத்தில் பார். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள், அன்றைக்கு ஐந்து தடவையாக மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. வார்ம்-அப்போடு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று செட்டிலும் வீடியோ சரியாக இருந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ, அதிகபட்சம் 5 கிலோ. ஒரு பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா என்று ஜிம்மில் சேரும் முன்பே பாருங்கள். இல்லாத இடத்தில் ஒவ்வொரு படியும் பெரிய தாவலாக இருக்கும்.

நான் 90-இலிருந்து 40-க்கு இறங்கினேன். திரும்ப 90 வர நான்கு மாதம். முதல் மாதம் அவமானமாகத்தான் இருந்தது.

தூங்கி எழுந்த உடனே கனமாகத் தூக்காதீர்கள். இரவில் முதுகெலும்பின் டிஸ்க்குகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், குனிந்தால் வழக்கத்தைவிட விறைப்பு அதிகம். காலையில்தான் நேரம் என்றால் எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுத் தொடங்குங்கள்.

10. மீதி நேரத்து முதுகு

நாள் முழுக்க நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தால் டெட்லிஃப்ட் சரியாகும் என்று நம்பி, கழுத்து வலியை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நல்ல நிலையும் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் கெட்ட நிலைதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், அது போதும்.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி. கைகால் ஊன்றி மண்டியிட்டு, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி, பத்து நொடி, முதுகு ஆடாமல். அடுத்தது பக்கவாட்டில் படுத்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. முதுகை அசைப்பதற்கு இல்லை, அசையாமல் பிடித்து வைப்பதற்குத்தான் இந்தப் பழக்கம். பாரின் முன்னாலும் வேண்டியது அதுவே.

11. வலி வந்தால்

தொடையின் பின்பக்கமும் பிட்டமும் ஒன்று முதல் மூன்று நாள் வலித்தால், தசை வேலை செய்திருக்கிறது, தொடருங்கள். கீழ்முதுகு இரண்டு பக்கமும் சமமாகக் களைத்திருப்பதும் ஆரம்பத்தில் சகஜம். ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அதோடு போதும், "இன்னும் ஒரு செட்தானே" வேண்டாம். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கினாலோ, காலில் மரத்துப்போனாலோ, இருமும்போது மின்னல்போல் ஓடினாலோ மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தொடையிடுக்கு மரத்தாலோ, காலில் வலு குறைந்துகொண்டே போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. மறுநாள் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

சாதாரணப் பிடிப்பு என்றால் படுத்தே கிடக்க வேண்டாம், வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். நிமிர்வதும் குனிவதும் பழையபடி ஆனதும் கட்டையை எடுங்கள். மூன்று புள்ளியும் வலியில்லாமல் தொட்டால், பாரை முழங்கால் உயரத்தில் வைத்து, பழைய எடையில் பாதியில் தொடங்குங்கள். நோட்டில் புதுப் பக்கம்.